எதிர்வீட்டுப் புனிதர்

வார்துஷைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இடம் கிடைக்காது. உழைப்பாளி. எங்கள் மரலூத் கிராமத்தில் அவள் சுடுகிற லவாஷ் ரொட்டி மாதிரி மெல்லிசாக, கருகாமல், ஓட்டை விழாமல் இன்னொருத்தி சுட்டு நான் பார்த்ததில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் அடுப்பைப் பற்றவைப்பவள் அவள்தான். கணவன் செத்ராக் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த ஒன்பது மாதமும் அவனையும் மாட்டையும் தோட்டத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள். போதும். இனி அவளுடைய பொறாமையைப் பற்றிப் பேசலாம்.

எல்லாரையும் பார்த்துப் பொருமுகிற ரகம் இல்லை அவள். பக்கத்து வீட்டுக்காரி புதுக் கம்பளம் வாங்கினால் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவாள். அவள் வயிற்றில் எரிந்தது ஒரே ஒருத்தியால்தான். ஓரகத்தி கினாரிக், செத்ராக்கின் தம்பி முஷெக்கின் மனைவி. எதிர் வீடு. நடுவே ஒரு சந்து, பத்தடி.

எரிச்சலுக்குக் காரணம் ஒரு புத்தகம். மலைமேல் நிற்கிற மரலாவாங்க் மடாலயத்தில், எழுநூறு வருஷத்துக்கு முன்னால் துறவிகள் தோலில் கையால் எழுதிய நற்செய்தி நூல். சிவப்பு அட்டை. முப்பதுகளில், கடவுள் இல்லை என்ற கட்சி ஆட்சியில், மடாலயத்தைப் பூட்டி, கோயிலுக்குள் கூட்டுப்பண்ணையின் வைக்கோலை அடைத்தார்கள். அப்போது மணி அடிப்பவராக இருந்த செத்ராக்கின் தாத்தா அந்த வைக்கோல் வண்டிக்குள்ளேயே நூலைச் செருகிக் கீழே கொண்டுவந்துவிட்டார். வீட்டுச் சுவர் மாடத்தில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் அதைப் புத்தகம் என்று யாரும் சொல்வதில்லை. புனிதர் என்றுதான் சொல்வோம். சனிக்கிழமையானால் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, மண்டியிட்டு, வேண்டிக்கொண்டு, கொண்டுவந்த தலைத்துணியை அதன்மேல் சுற்றிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்தே வெளியே போவார்கள். துணிமேல் துணியாகச் சுற்றி இப்போது அது ஒரு கைக்குழந்தைப் பருமன் ஆகிவிட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்க்கிற துணிச்சலும் யாருக்கும் வந்ததில்லை.

வார்துஷ் பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தாள். வந்த முதல் வாரத்திலேயே மாமியார் மாடத்துச் சாவியை அவள் இடுப்பில் செருகினாள். தூசி தட்டுவது, துணிகளை வெயிலில் காட்டுவது, வருகிறவர்களுக்குக் காப்பி போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. அது பயந்து பயந்து கும்பிட்ட காலம். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். யாரோ புண்ணியவான் போட்டுக்கொடுத்து, ஒருநாள் பகலில் கட்சியின் மாவட்டக் கமிட்டி ஆட்கள் மூன்று பேர் வீட்டைச் சோதனை போட வந்தார்கள். மாமியாருக்குக் கை கால் ஓடவில்லை. வார்துஷ் என்ன செய்தாள் தெரியுமா? புனிதரை எடுத்துத் தொட்டிலில் வைத்து, மேலே ஒரு மெத்தையைப் போட்டு, அதன்மேல் தன் நாற்பது நாள் குழந்தை நஸெலியைக் கிடத்திவிட்டாள். வந்தவர்கள் மாவுப் பெட்டியைக் கொட்டினார்கள், வைக்கோல் போரைக் குத்திப் பார்த்தார்கள். தொட்டிலருகே ஒருவன் வந்தபோது வார்துஷ் ஆட்டிக்கொண்டே, குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

பதினொரு வருஷம் அப்படிக் காத்தாள். பிறகு முஷெக்குக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைசி மகன்தான் அப்பா வீட்டில் தங்குவான். மூத்தவர்கள் வெளியே வீடு கட்டிக்கொண்டு போக வேண்டும். வீடு யாருக்கோ, வீட்டிலிருக்கிற புனிதரும் அவர்களுக்கு. வார்துஷ் தன் இடுப்புச் சாவியை எடுத்துப் புது மருமகள் கினாரிக்கின் கையில் கொடுத்துவிட்டு, செத்ராக் எதிரே கட்டிய வீட்டுக்குப் போனாள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அதைக்கூட விழுங்கியிருப்பாள். நாலைந்து வருஷத்தில் காலம் தலைகீழாகப் புரண்டது. கமிட்டி போயிற்று, நாடு தனி நாடு ஆயிற்று, மடாலயத்திலிருந்த வைக்கோலை அள்ளிக் கொட்டிவிட்டுப் பூசை தொடங்கினார்கள். ஒவ்வொரு வருஷமும் விண்ணேற்றத் திருநாளன்று புனிதரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுவருவது என்று ஏற்பாடானது. யார் காப்பவரோ அவர்தான் நெஞ்சில் அணைத்துக்கொண்டு முன்னே நடக்க வேண்டும். பாதிரியாரே அவருக்குப் பின்னால்தான். கினாரிக் நடந்தாள். மாரில் புனிதர், தோளில் வெள்ளைச் சால்வை, ஊரே வழிவிட்டு நின்றது. அம்மை என்று பொய் சொல்லிப் பிள்ளையைப் பணயம் வைத்தவள் கூட்டத்தில் ஏழாவது எட்டாவது வரிசையில் வந்தாள். ஆபத்தெல்லாம் எனக்கு, ஊர்வலம் அவளுக்கு என்று அவள் மனசு குமுறியது. நியாயமான குமுறல் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இருபது வருஷம் விடாமல் குமுறினால் நியாயமும் புளித்துப் போகும்.

இதற்கிடையில் நஸெலி கல்யாணமாகி இஜெவான் நகரத்துக்குப் போனாள். ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை. எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து கினாரிக் வீட்டு மாடத்தின் முன்னால் மண்டியிட்டு, அடுத்த வருஷமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்ல வந்தார்கள். வார்துஷ் அதையெல்லாம் தன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செத்ராக்குக்குப் பொறுக்கவில்லை.

"பத்தடி தூரம். போய் மகளுக்காக ஒரு மெழுகுவர்த்தி வச்சிட்டு வாயேன்" என்றான்.

"ஏ மனுஷா, என் பிள்ளை அதுக்கு மேல படுத்துத் தூங்கினவ. அவளுக்காக நான் வேண்டிக்க, கினாரிக் கதவைத் தட்டணுமா? நல்லாருக்கு உன் யோசனை."

போகவில்லை. ஏழு வருஷமும் போகவில்லை. வீம்பு.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் ஊரில் ஒரு கல்யாணம். இருநூறு பேருக்கு லவாஷ் சுடுகிற வேலை இவர்கள் இருவர் தலையில் விழுந்தது. பெரிய தோனீர் அடுப்பு, தரைக்குள் பதித்தது, கினாரிக் வீட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது. கினாரிக் மாவை விரித்துக் கொடுக்க, வார்துஷ் குனிந்து அடுப்புச் சுவரில் அறைந்து ஒட்டினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பற்றவைத்த அடுப்பு, சனிக்கிழமை கோழி கூவின பிறகுதான் அணைந்தது. வார்துஷின் வலது முன்கையில் நல்ல சூடு பட்டது. அந்த வேலைக்கு நடுவில்தான் கினாரிக் விஷயத்தைச் சொன்னாள். மடாலயத்து வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்களாம், வெளியூர்க்காரர்கள் படிக்க. அதில் ஊர்வலத்துப் புகைப்படம் போட்டிருக்கிறார்களாம்.

"போட்டோல நீங்களும் இருக்கீங்க அக்கா" என்றாள் கினாரிக் சந்தோஷமாக. "உங்க கை தெரியுது."

ஞாயிற்றுக்கிழமையே வார்துஷ் மலையேறிப் போய்ப் பார்த்தாள். மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள். மடாலயத்தை எந்த இளவரசன் கட்டினான், எந்த வருஷம் கூரை விழுந்தது, எல்லாம். கீழே ஆளுயரப் படம். புனிதரை அணைத்தபடி கினாரிக், பக்கத்தில் 'நற்செய்தி நூலின் காப்பாளர்' என்று பெயர். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. பச்சை ஸ்வெட்டர் போட்ட முழங்கை. அந்த ஸ்வெட்டரைப் பின்னியவள் என்பதால் அது யார் கை என்று வார்துஷுக்குத் தெரிந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. பலகையில் கினாரிக்கின் மூக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நல்ல பலகை, சுரண்ட வரவில்லை.

இறங்கி வரும்போது முடிவெடுத்துவிட்டாள். புனிதர் தன் வீட்டுக்கு வர வேண்டும். கேட்டால் வராது, கினாரிக் கொடுத்தாலும் ஊர் விடாது. அதற்கு ஒரே வழி கனவுதான். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லை நம்ப மாட்டோம், அரசாங்கத்தின் சொல்லை நம்பவே மாட்டோம், ஆனால் கனவில் புனிதர் வந்து சொன்னார் என்று ஒருவர் சொன்னால் அதை எதிர்த்துப் பேச யாருக்கும் நாக்கு எழாது. மேலத்தெருவில் ஒரு பழைய வெள்ளிச் சிலுவை கனவில் வந்து கேட்டுத்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. அதிலும் சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரிக் கனவு என்றால் கல்வெட்டு.

வார்துஷுக்கோ வாழ்நாளில் ஒருமுறைகூடப் புனிதர் கனவில் வந்ததில்லை. பதினொரு வருஷம் காத்தவளுக்கு வரவில்லை. எனவே அவளே ஒரு கனவைச் செய்தாள். ஒரு வாரம் பால் கறக்கும்போதும் மாவு பிசையும்போதும் அதைச் சீர்படுத்திக்கொண்டே இருந்தாள். அடுத்த சனிக்கிழமை, கினாரிக் வீட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருந்த நேரமாகப் பார்த்துப் போய், வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"ஒரு வாரமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கேன், பயந்துகிட்டு. போன வெள்ளிக்கிழமை ராத்திரி கனவு. சிவப்பு உடுப்புப் போட்ட ஒரு பொம்பளை என் வாசல்ல நிக்கிறா. இன்னும் பனியே விழலை, ஆனா கனவுல முழங்கால் வரைக்கும் பனி. வெறுங்கால். 'வார்துஷ், கால் சில்லுனு இருக்கு, கதவைத் திற'ன்னா. நீ யாரும்மான்னு கேட்டேன். 'தொட்டில்ல உன் பிள்ளைக்குக் கீழ இருந்தேனே, மறந்துட்டியா'ன்னா."

பெண்கள் எல்லாரும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். கினாரிக் மட்டும் அசையவில்லை. அவள் வார்துஷின் முகத்தைப் பார்க்காமல், முன்கையில் ஆறிக்கொண்டிருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வெள்ளிக்கிழமை அக்கா?"

"அதான் சொன்னேனே. போன வாரம்."

கினாரிக் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். புனிதர் கேட்டால் அனுப்பத்தானே வேண்டும் என்றாள். முஷெக்தான் எகிறினான். தாத்தா கொண்டுவந்தது, அப்பா வீட்டுச் சுவர், யாருக்கோ கனவு வந்தால் அதற்கு நான் என்ன செய்வது என்று கத்தினான். கினாரிக் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அன்று சாயங்காலமே பாதிரியார் எஸ்னிக் தூபம் காட்டி முன்னே நடக்க, புனிதர் பத்தடி தூரம் பயணம் செய்து வார்துஷ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். செத்ராக் முணுமுணுத்துக்கொண்டே சுவரைக் குடைந்து மாடம் செய்து வைத்திருந்தான். வார்துஷுக்கு உச்சி குளிர்ந்தது. முதல் வேலையாக மகளுக்காக மண்டியிட்டாள், தன் வீட்டில், தன் தரையில்.

முதல் சனிக்கிழமை கூட்டம் வந்தது. காப்பி போட்டுக் கை ஓய்ந்தது. இரண்டாவது சனிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் திகைத்துப் போனாள். இங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பின்னுக்கு நடந்து வெளியே போனவர்கள், சந்தைத் தாண்டி கினாரிக் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அங்கே என்ன இருக்கிறது? வெறும் மாடம். கரி படிந்த பொந்து. அதன் முன்னால் மண்டியிட்டு, கல்லை முத்தமிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எழுபது வருஷம் புனிதர் இருந்த சுவராம். கல்லில் ஊறிப் போயிருக்கிறதாம். பனிக்காலம் வருவதற்குள் பாதிப் பேர் இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். புத்தகம் இங்கே, கும்பிடு அங்கே. இடிந்த கோயிலின் ஒரு மூலைக் கல்லைக்கூட விடாமல் வருஷக்கணக்காக முத்தமிட்டு வந்த ஜனம் நாங்கள். இதை அவள் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

"அவ வீட்டுப் பொந்துக்கு இருக்கற மரியாதை என் வீட்டுப் புனிதருக்கு இல்லை" என்று செத்ராக்கிடம் பொருமினாள். மாடத்தைக் குடைந்த தூசு அவனுக்கு இன்னும் இருமலாக வந்துகொண்டிருந்தது.

மே மாதம் விண்ணேற்றத் திருநாள் வந்தது. கடைசியில் வார்துஷ் முன்னே நடந்தாள். இருபது வருஷம் ஏங்கிய நடை. புனிதர் அவள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கனமாக இருந்தார், ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, அந்த வருஷம் பார்த்துப் படம் பிடிக்க ஒருவரும் வரவில்லை. அது போகட்டும். மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தால், ஏழாவது எட்டாவது வரிசையில் கினாரிக்கைச் சுற்றிப் பெண்கள் மொய்த்துக்கொண்டு அவள் கையை முத்தமிட்டார்கள். கேட்டு வாங்கிக்கொள்கிறவர் ஆயிரம் பேர், கேட்டபோது கொடுத்தவள் இவள்தான் என்று பேசிக்கொண்டார்கள். போகிற வழியில் வாசலில் அந்தப் பலகை வேறு. வார்துஷ் புனிதரை வைத்தே அதை இடித்துத் தள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக அங்கேயே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு நல்லது நடந்தது. ஜூன் மாதம் நஸெலி போன் செய்து, அம்மா, வயிற்றில் தங்கியிருக்கிறது என்றாள். வார்துஷ் அந்த நல்ல செய்தியை ஊர் முழுக்கச் சொல்லி, எங்கள் வீட்டுப் புனிதரின் வேலை என்று முடித்தாள். கினாரிக் வீட்டு வாசலில் நின்று கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே சொன்னாள்.

பிப்ரவரி. முழங்காலளவு பனி. ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மருமகன் இஜெவான் மருத்துவமனையிலிருந்து போன் செய்தான். நேற்றிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நஸெலிக்கு ரத்தம் நிற்கவில்லை, அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள் என்றான். பிறகு அழுதான். செத்ராக் ஆட்டுக்குத் தீவனம் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தான். வீட்டில் வார்துஷும் புனிதரும்தான்.

அவள் போனைக் கீழே வைத்தாள். இரண்டு எட்டு வைத்தால் மாடம். முப்பத்தேழு துணி சுற்றிய புனிதர் அங்கேதான் இருந்தார். ஆனால் அவளால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. பொய் சொல்லிக் கொண்டுவந்ததிடம் என்ன முகத்தோடு கேட்பது? புனிதரைச் சாட்சிக்கு இழுத்து, அவர் வாயிலேயே பொய்யை வைத்தவள். அதற்குத்தான் என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டதா என்று நினைத்தாள். எப்படிக் கதவைத் திறந்தாள், எப்படிச் சந்தைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கினாரிக் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

கதவைத் திறந்த கினாரிக் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். வார்துஷ் வெறுங்காலோடு பனியில் நின்றுகொண்டிருந்தாள்.

"கால் சில்லுனு இருக்கும்" என்றாள் கினாரிக். "உள்ள வாங்க அக்கா."

எதுவும் கேட்கவில்லை. வார்துஷ் நேரே போய் அந்த வெறும் மாடத்தின் முன்னால் விழுந்தாள். கரி படிந்த கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவளை விட்டுவிடு, நாற்பது நாள் குழந்தையாக உன்மேல் கிடந்தவள், உனக்கு அவளைத் தெரியும் என்று வாய்விட்டு அரற்றினாள். இருபது வருஷமாக அந்தச் சுவரின் முன்னால் ஒருமுறைகூட மண்டியிடாதவள். கினாரிக் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பின்னாலேயே உட்கார்ந்து, அவளுடைய இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வார்துஷ் வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து முஷெக்கின் போன் அடித்தது. மருமகன்தான். பெண் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டாள், கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்றான். வார்துஷ் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கினாரிக் காப்பி போட்டாள். தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி எடுத்துவந்து அவள் காலில் மாட்டிவிட்டாள். வார்துஷுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிடு கினாரிக். இப்பவே வந்து புனிதரைத் தூக்கிட்டு வந்துடு. எனக்கு வேண்டாம்."

"அது எப்படி அக்கா சும்மா வரும்? அதுக்கு இன்னொரு கனவு வேணுமே. ஊர் முன்னாடி சொல்லணும்." கினாரிக் காப்பியை ஒரு வாய் குடித்தாள். "இந்தத் தடவை நீங்க தூங்கின ராத்திரியாப் பார்த்துச் சொல்லுங்க."

வார்துஷுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது. அன்று அவள் சொன்ன அந்தப் 'போன வெள்ளிக்கிழமை'. இருநூறு பேருக்கு லவாஷ். கோழி கூவுகிற வரைக்கும் இந்தக் கொட்டகையில், இதே கினாரிக்கோடு, அடுப்புக்குள் குனிந்தபடி. கண்ணை மூடினாளா அன்று? ஒரு நிமிஷம் மூடினாளா? ஒரு வாரம் உட்கார்ந்து அவ்வளவு நுணுக்கமாகச் செய்த பொய்யில், பனி உண்டு, வெறுங்கால் உண்டு, தூக்கம்தான் இல்லை. முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"பக்கத்துல நின்னு மாவு விரிச்சது நான்தானே."

"அப்புறம் ஏன் வாயை மூடிட்டிருந்தே? ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கியிருக்கலாமே."

கினாரிக் கோப்பையைக் கவிழ்த்துத் தட்டில் வைத்தாள். பிறகு, அதுவரை யாரும் அவளிடம் கேட்டிராத குரலில் பேசினாள்.

"அத்தை சாகற அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமா? 'வார்துஷ் இல்லைன்னா இந்த வீட்டுல புனிதர் இல்லை'ன்னாங்க. வாய்ல தண்ணி ஊத்திட்டிருந்தது நான். மூணு வருஷம் பீ மூத்திரம் அள்ளினது நான். வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் தொட்டில் கதைதான். என்னைச் சொல்ல என்ன இருக்கு, தூசி தட்டினேன். ஊர்வலத்துல முன்னாடி போறப்ப எல்லாம், பின்னாடி நீங்க வர்றீங்களேன்னு முதுகு கூசும் எனக்கு. உங்களைப் பார்த்து எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல்னு உங்களுக்குத் தெரியாது அக்கா. கேக்கறீங்களே, எடுத்துக்கிட்டுப் போய்ப் பாருங்கன்னு விட்டேன்."

வார்துஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பிழைத்துக்கொண்ட செய்திக்கு அடுத்தபடியாக, வாழ்க்கையில் இவ்வளவு தித்திப்பான வார்த்தையை அவள் கேட்டதில்லை. கினாரிக்குக்குப் பொறாமை. தன்மேல்.

"அத்தை அப்படிச் சொன்னாங்களா? இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"சொல்லுவேனா?" என்றாள் கினாரிக்.

வார்துஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் முடித்துவிட்டு எழுந்தாள். இஜெவானுக்குக் கிளம்ப வேண்டும், முஷெக் வெளியே வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். மாடத்தின் முன்னால் ஒருமுறை குனிந்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்து வெளியே வந்தாள்.

சந்தைத் தாண்டும்போது காலைக் குனிந்து பார்த்தாள். கினாரிக்கின் காலுறை. குதிகாலில் இரட்டை இழை போட்டு, ஒரு கண்ணி பிசகாமல் பின்னியிருந்தாள், பாவி. தனக்கு இந்தக் குதிகால் ஒருநாளும் இப்படி வந்ததில்லை என்று வார்துஷ் உள்ளுக்குள் பொருமினாள். வீட்டுக்குள் போனாள். சிவப்புப் புத்தகம் இருந்த மாடத்தை, அன்று முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமை சீக்கிரமே படுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.